பன்னிரண்டாவது பாயிண்ட்

ஒரு ஃபீடருக்கு நூற்று நாற்பத்தாறு பாயிண்ட். மொத்தம் பதினோரு ஃபீடர். பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் ஒரு நாள் பெருக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தொடாமலே டப்பாவை மூடி வைத்தேன்.

என் வேலை ரிலேக்களுக்கு மேப் போடுவது. சொன்னால் யாருக்கும் புரியாது. என் மனைவியே பதினெட்டு வருஷமாக, “அவர் கரண்ட் ஆபீஸ்ல ஏதோ பண்றார்” என்றுதான் சொல்லிவருகிறாள். அதில் தப்பு சொல்லவும் முடியாது. ரிலே என்பது துணைமின் நிலையத்தில் இரும்பு அலமாரியின் கதவில் பதித்திருக்கும் ஒரு பெட்டி. ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியைத்தான் ஃபீடர் என்கிறோம். அதில் மரம் விழுந்தாலோ, கம்பி அறுந்தாலோ, ரிலே கண் இமைப்பதற்குள் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்தப் பெருமையெல்லாம் வேறு ஆட்களுக்கு. எனக்கு வாய்த்தது அதன் வாய்.

தான் கண்டதையெல்லாம் ரிலே, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு புரோட்டோகால் உண்டு. அதில் பெயர்களே கிடையாது, எல்லாம் எண்கள். எந்தச் சேதி எந்த எண்ணில் போக வேண்டும் என்று வரி வரியாக எழுதி ரிலேக்குள் ஏற்றுவதுதான் மேப். பத்தாம் எண் பிரேக்கர், பதினொன்று ஐசொலேட்டர், பன்னிரண்டு எர்த் சுவிட்ச். ஐசொலேட்டர் மூடியிருந்தால் கம்பி மின்சாரத்தோடு இணைந்திருக்கிறது, தொடக் கூடாது. எர்த் சுவிட்ச் மூடியிருந்தால் கம்பி மண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது, தொடலாம் என்று அர்த்தம். மேப்பில் இரண்டு வரி இடம் மாறிப்போனால் கட்டுப்பாட்டு அறையின் திரை பொய் சொல்லும். அந்தத் திரையை நம்பித்தான் ஆட்கள் கம்பியில் கை வைக்கிறார்கள்.

அதனால் மேப்பை ஏற்றிய பிறகு ஒவ்வொரு பாயிண்ட்டையும், அதாவது எண்ணிட்ட ஒவ்வொரு சேதியையும், இரண்டு பேர் சேர்ந்து சோதிக்க வேண்டும். இந்தப் பக்கம் நான். அலமாரிக்குப் பின்னால், ஒரு கால் ஆடும் ஸ்டூலில், கையில் ஒரு துண்டு ஒயர், காதில் தொலைபேசி. அந்தப் பக்கம் ஒருவர் திரைக்கு முன்னால். நான் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, அதற்குரிய டெர்மினலில் ஒயரைத் தொடுவேன். அங்கே டிங் என்று ஒரு மணி அடித்து, திரையில் ஒரு வரி விழும். அவர் அதைப் பார்த்துப் பெயரைப் படிக்க வேண்டும். நான் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கேட்கிறவன் பார்க்காமலே தலையாட்டிவிடுவான். இந்த விதியை எழுதியவன் மனுஷ ஜாதியை நன்றாக அறிந்தவன்.

அந்தப் பக்கம் இருந்தவர் என் அக்காவின் கணவர். முப்பத்தொரு வருஷமாகக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். ரேடியோ என்றால்தான் இலாகாவில் தெரியும். காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் ஒரே மாதிரி, கரகரப்பில்லாத, அவசரமில்லாத குரல். புயல் அடித்த நாளில் எட்டு ஃபீடர் ஒன்றாக விழுந்தபோதுகூட அந்தக் குரல் ஏறவில்லை என்று சொல்வார்கள். அவரோடு சோதனை செய்தால் வேலை வழுக்கிக்கொண்டு போகும்.

“பதினாலு.”

“பதினாலு, பிரேக்கர் ட்ரிப் காயில் கோளாறு. வந்துச்சு, போச்சு. அடுத்தது?”

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் இன்னிக்கே. எதைக் கேட்டாலும் அவருக்கு இன்றைக்கே வேண்டும். பதினோரு ஃபீடரின் புது ரிலேக்களையும் சோதித்து முடித்த பிறகு, ஒரே நாளில் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவதாகத் திட்டம். தேதியும் குறித்துவிட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் வந்து அலமாரிக்குள் தலையை நுழைத்து, “எத்தனை ஆச்சு?” என்பார். ரேடியோ இருந்த தைரியத்தில் ஆறு வாரத்தில் பத்து ஃபீடருக்கு மேப் எழுதி, ஏற்றி, சோதித்து முடித்திருந்தேன். முதுகு போயிருந்தது. கண்ணை மூடினால் எண்கள் ஓடின. கனவில்கூட நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி ஃபீடரில்தான் அது நடந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். சாப்பிட்ட களைப்பு. நான் “பதினெட்டு” என்று சொல்லிவிட்டு, கை நழுவிப் பத்தொன்பதில் ஒயரைத் தொட்டுவிட்டேன். பதினெட்டு, பிரேக்கருக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் குறைவு. பத்தொன்பது, ஸ்பிரிங் சார்ஜ் ஆகவில்லை. இரண்டும் வேறு வேறு சமாசாரம். ‘தப்பு அத்தான், மறுபடி தர்றேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“பதினெட்டு, கேஸ் அழுத்தம் குறைவு. வந்துச்சு, போச்சு. அடுத்தது?”

முதலில் எனக்கு மேப் மேல்தான் சந்தேகம் வந்தது. மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது. ஒயரிங் படத்தைப் பார்த்தேன். அதுவும் சரி. பத்தொன்பதைத் தொட்டால் ஸ்பிரிங்தான் திரையில் வர வேண்டும்.

“அத்தான், இன்னொரு தடவை தர்றேன். பதினெட்டு. திரையைப் பாத்துச் சொல்லுங்க.”

இந்த முறை வேண்டுமென்றே முப்பத்திரண்டைத் தொட்டேன். அது பேட்டரி மின்னழுத்தக் குறைவு.

“பதினெட்டு, கேஸ் அழுத்தம் குறைவு. அதான் சொன்னேனே மாப்ள, வந்துச்சு. தூக்கம் வருதா? ஒரு டீ குடிச்சிட்டு வா.”

இன்னும் இரண்டு தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன எண்ணுக்கு உரிய பெயர் பிசிறில்லாமல் வந்தது. நான் தொட்ட பாயிண்ட்டின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவருக்கு மணி கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். பட்டியல் மனப்பாடம். எல்லா ஃபீடருக்கும் ஒரே பட்டியல்தானே. அந்தத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதனால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு, வெளியே வந்து, சரளைக் கல்லின் மேல் நின்றபடி அவருடைய கைபேசிக்குப் போட்டேன்.

“அத்தான், உங்களுக்குத் திரை தெரியுதா?”

பதில் வர நேரமானது. ரேடியோ நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஓரத்துல தெரியுதுடா. நடுவுலதான் ஒரு சாம்பல் திட்டு. எதை நேரா பாக்கறேனோ அது இருக்காது.”

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும். இந்த நாலு மாசமா எழுத்தே இல்ல.”

“வருஷா வருஷம் கண் பரிசோதனை வைக்கிறாங்களே?”

“அந்த அட்டைய முப்பத்தொரு வருஷமா பாக்கறேன் மாப்ள. அதுவும் ஒரு பட்டியல்தானே.”

சிரிக்க வேண்டிய இடம்தான். அவரும் லேசாகச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பத்து ஃபீடர். ஆறு வாரம். என் முதுகு. அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் தோன்றியது அவருடைய கண் இல்லை, யார் உயிரும் இல்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமே என்பதுதான். இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

“இன்னும் எட்டு மாசம்டா. எட்டே மாசம். மரியாதையா வெளிய வந்துடறேன். கூட இருக்கற பையன் கில்லாடி, பிரேக்கர் இயக்கறதெல்லாம் அவன்தான். நான் வாயால சொல்றதோட சரி.”

“அவன் லீவு போட்டா?”

“போட மாட்டான்.”

“அத்தான், அவன் லீவு போட்டா?”

வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? தினமும் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் கட்டுப்பாட்டு அறை வாசலில் இறக்கிவிடுவதே அவள்தானாம். கால் வலி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

“நீ ஒண்ணும் பாக்கல, உனக்கு ஒண்ணும் தெரியாது. சரியா?” என்றாள். அக்கா எனக்குச் சின்ன வயதில் தலை வாரிவிடும்போது தலையைத் திருப்பிப் பிடித்துக்கொள்வாளே, அதே அழுத்தம் குரலில்.

“அக்கா, அந்தத் திரைய நம்பி ஆளுங்க...”

“ஆளுங்க, ஆளுங்க! என் வீட்டுல இருக்கறது ஆளு இல்லையா? அந்த நாற்காலிய விட்டு அவரைப் புடுங்கிட்டா என்னடா மிச்சம் இருக்கும் அந்த மனுஷன்கிட்ட? உனக்கு வேணும்னா வேற யாரையாவது வச்சு மறுபடி சோதிச்சுக்கோ. ஏதாவது காரணம் சொல்லு. உனக்கா பொய் சொல்லத் தெரியாது? பரீட்சைல ஃபெயிலானத மூணு மாசம் மறைச்சவன் நீ.”

அது உண்மைதான். மறைப்பதற்கு ஒத்தாசை செய்ததும் அவள்தான்.

அவள் சொன்ன வழியை நானும் யோசிக்காமல் இல்லை. ரிலே மென்பொருளில் கோளாறு, பதினோரு ஃபீடரையும் மறுபடி சோதிக்க வேண்டும், வேறு ஷிஃப்ட்டில் ஆள் கொடுங்கள் என்று எழுதிவிடலாம். இன்னிக்கே குதிப்பார், பிறகு அடங்குவார். அத்தான் நாற்காலியில் இருப்பார், எட்டு மாதம் கழித்து மாலை போட்டு அனுப்புவார்கள். படுக்கையில் அந்தக் கடிதத்தை வார்த்தை வார்த்தையாக எழுதி முடித்துவிட்டுத்தான் தூங்கினேன். நல்ல கடிதம்.

காலையில் துணைமின் நிலையத்துக்குப் போனால், வெளியே கம்பி வேலைக்காரர்கள் ஆறு பேர் தயாராக நின்றிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தபடி, தோளுக்கும் காதுக்கும் இடையில் கைபேசியை இடுக்கிக்கொண்டு, “கை வைக்கலாங்களா?” என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஏதோ சொன்னார்கள். “சரிங்க” என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தான். அவ்வளவுதான். யார் சொன்னது, பார்த்துச் சொன்னாரா, எதையும் அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை என்று நாங்கள்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம்.

என் நல்ல கடிதம் அங்கேயே செத்துப்போனது. இன்னிக்கேயின் அறைக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரமில்லாமல் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு, “உன் அத்தான் இல்ல?” என்றார்.

“ஆமா சார்.”

“உக்காரு.”

மதியத்துக்குள் அத்தானைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். ரிக்கார்டு அறையில் உட்காரச் சொன்னார்களாம். எழுத்தே கண்ணுக்குத் தெரியாதவரை ரிக்கார்டு அறையில்! அவர் பையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி வாசலுக்கு வந்து, அக்கா வரும்வரை வெயிலில் நின்றிருக்கிறார். மறுநாளிலிருந்து விடுப்பு. அப்புறம் வரவேயில்லை.

நான் முதல் ஃபீடரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் இப்போது ஒரு பெண். மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரிப் படித்தாள். “ஒரு நிமிஷம் சார், இன்னொரு தடவை தாங்க” என்பாள். நூற்று நாற்பத்தாறில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ரேடியோவோடு அரை நாளில் முடிந்த ஃபீடர் இவளோடு இரண்டு நாள் தின்றது. அவள் மேல் எரிச்சலாக வந்தது. பாவம், அவள் செய்ததுதான் வேலை.

மூன்றாம் வாரம், ஏழாவது ஃபீடர். காலையில் ஆரம்பித்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

“பதினொன்று” என்றேன், ஒயரைத் தொட்டேன்.

“ஒரு நிமிஷம் சார். எர்த் சுவிட்ச் மூடியதுன்னு வருது.”

“சரியா பாரும்மா.”

“பாத்துட்டேன் சார். எர்த் சுவிட்ச்தான். இன்னொரு தடவை தாங்க.”

கொடுத்தேன். எர்த் சுவிட்ச்தான். பன்னிரண்டைத் தொட்டேன். ஐசொலேட்டர் மூடியது என்றாள்.

ஸ்டூலை விட்டு எழுந்து, தரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏழாவது அலமாரியில் மட்டும் அந்த இரண்டு ஒயரையும் எப்போதோ இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். படத்தில் சிவப்பு மையில் குறிப்பே இருக்கிறது. அதைப் பார்த்து அந்த ஒரு ரிலேக்கு மட்டும் மேப்பில் இரண்டு வரியை மாற்றிப் போட வேண்டும். நான் ஆறாவது ஃபீடரின் மேப்பை அப்படியே நகலெடுத்து ஏற்றியிருக்கிறேன். எந்த நாள், எந்த மணி என்று நினைவில்லை. களைத்துப்போன ஏதோ ஒரு மதியம். அதே மதியத்தில் நான் பதினொன்று என்றும் பன்னிரண்டு என்றும் சொல்ல, “வந்துச்சு, போச்சு” என்று அந்த அருமையான குரல் சொல்லியிருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இது அப்படியே போயிருந்தால், புது ரிலேக்கு மாற்றிய பிறகு, ஏழாவது கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எர்த் சுவிட்ச் மூடியிருக்கிறது, தொடலாம் என்று திரை காட்டும். மேஸ்திரி “கை வைக்கலாங்களா?” என்று கேட்பான்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

மேப்பைத் திருத்தினேன், ஏற்றினேன், முதலிலிருந்து சோதித்தேன். அறிக்கையில் என் தவறு என்று என் கைப்பட எழுதினேன். இன்னிக்கே படித்துவிட்டு, “கண்டுபிடிச்சாச்சுல்ல, விடு, நாலு ஃபீடர் பாக்கி” என்றார்.

எல்லாம் முடிந்த அடுத்த விடுமுறை நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அக்கா கதவைத் திறந்துவிட்டு, வா என்று சொல்லாமல் உள்ளே போனாள். அத்தான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், ஏழெட்டு நாள் தாடியோடு. முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, என்னை ஓரக்கண்ணில் பிடித்தார். டாக்டர் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டாராம். அதை வானிலை அறிக்கை மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்.

அக்கா டீ கொண்டுவந்தாள். அத்தான் தம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“முடிச்சிட்டியா மாப்ள?”

“முடிச்சாச்சு அத்தான்.”

“எத்தனை தப்பு வந்துச்சு?”

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு வந்தவன் நான். ‘ஒண்ணு வந்துச்சு, அது என் தப்பு’ என்பதுதான் அந்தப் பதில். அவர் தாடியையும் தம்ளரைப் பிடித்த விதத்தையும் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை.

“ஒண்ணுமில்ல அத்தான். எல்லாம் சரியாதான் இருந்துச்சு.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா இரண்டெட்டு முன்னால் வந்தாள்.

“அப்ப எதுக்குடா?” என்றாள். “பதினோரு ஃபீடரும் சரியா இருந்துச்சுன்னா, எதுக்குடா அவரை எழுப்பி விட்ட? ஊரே பாக்க வாசல்ல நிக்க வச்சியே, எதுக்கு? எட்டு மாசம் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியல, இல்ல? கூடப்பொறந்தவன்!”

அந்தப் பொய்யை அவரைக் காப்பாற்றச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனா என்று எனக்கே இன்றுவரை தெளிவில்லை. அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது அத்தான் என் தோளில் கை வைத்தபடி கேட் வரைக்கும் வந்தார். படி இறங்கும்போது நான் சொல்லாமலே காலால் தேடி இறங்கினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “எத்தனாவது ஃபீடர்?” என்றார்.

“என்ன அத்தான்?”

“உன் குரலை இருபது வருஷமா காதுல கேக்கறவன்டா நான். முகத்தையா பாத்தேன்? எத்தனாவது?”

“ஏழு.”

“எந்தப் பாயிண்ட்?”

“பதினொண்ணும் பன்னெண்டும். மாறிப்போச்சு.”

பெயரை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள்.

“தப்பு என்னோடது அத்தான்” என்றேன். “மேப் போட்டது நான். அறிக்கையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“நீ தப்பு பண்ணுவேன்னுதானடா என்னை அங்க உக்கார வச்சிருந்தாங்க.”

“அக்காகிட்ட இப்பவே போய் உண்மையச் சொல்லிடறேன்” என்றேன். அவள் என்னை அப்படி நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே திரும்ப ஓரெட்டு வைத்துவிட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேண்டாம். சொல்லாதே.”

“அவ என்னை...”

“தெரியும். உன்மேல கோவமா இருக்கட்டும், அது அவளுக்கு லேசு. உண்மை தெரிஞ்சா அவ என்மேல கோவப்பட மாட்டாடா. தினம் காலைல என்னைக் கொண்டுபோய் அந்த வாசல்ல இறக்கி விட்டது யாருன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவா.”

சரி என்றேன். அவர் சட்டையை விட்டார்.

அடுத்த மாதத்தோடு அந்த எட்டு மாதமும் முடிகிறது. அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.